பழைய வெள்ளி சூப் டியூரீன் வாங்கும்போது மூடியிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி இதுதான். எட்டுப் பத்துப் பேர் உட்காரும் விருந்து மேஜையின் நடுவில் வைக்க ஒரு பழைய வெள்ளி சூப் டியூரீன், அதாவது சூப் பரிமாறும் மூடி போட்ட பெரிய பாத்திரம், வேண்டும். கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்க இல்லை, சூப் ஊற்றிப் பரிமாறத்தான். கண்ணில் பட்டிருப்பவை இரண்டு. முதலாவது இங்கிலாந்து வெள்ளி. சிங்கம், கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, ஒரு ராஜாவின் தலை என்று முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் மூடி கொஞ்சம் ஆடுகிறது. இரண்டாவது பெரியது, பளபளப்பானது, விலையும் குறைவு. விற்பவர் அதை 'ஷெஃபீல்ட்' என்கிறார், அடியில் நான்கு ஆங்கில எழுத்துகள் தனித்தனிக் கட்டத்தில் குத்தப்பட்டிருக்கின்றன. எதை எடுப்பது? சூடான சூப் ஊற்றலாமா? அப்புறம் எப்படிப் பராமரிப்பது?

பயன்படுத்துவதற்கென்றால், எதன் மூடி, கால், கைப்பிடி, உட்புறம் நான்கும் நன்றாக இருக்கிறதோ அதையே எடுங்கள். முழு வெள்ளியா முலாமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. பலர் தலைகீழாகப் போகிறார்கள். முத்திரையைப் பார்த்ததும் மனம் உருகி, மூடி ஆடுவதை "பழசுதானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல வெள்ளி வேலை இருநூறு வருஷம் ஆனாலும் காரணம் இல்லாமல் ஆடாது.

இந்தப் பாத்திரம் எதற்காக வந்தது என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் புரியும். 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு விருந்துகளில் ஒரு சுற்றுக்கான எல்லா உணவும் ஒரே நேரத்தில் மேஜைக்கு வந்துவிடும். முதல் சுற்றின் நாயகம் சூப். அது முடிந்ததும் டியூரீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மீனோ இறைச்சியோ வைப்பார்கள். ஆக, விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான். அதனால்தான் வீட்டின் கௌரவம், குலச்சின்னம், காசு எல்லாவற்றையும் இதன் மேல் கொட்டினார்கள். மண்பாத்திரத்தைக் குறிக்கும் 'டெரீன்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. டூரென் என்ற தளபதி தன் தலைக்கவசத்தில் சூப் குடித்ததால் இந்தப் பெயர் என்று ஒரு கதையும் உலவுகிறது, கதையாகவே ரசிக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் நீள்வட்டமானதை டெரீன் என்றும், பல இறைச்சிகள் போட்ட கெட்டிக் குழம்புக்கான வட்டமானதை 'போ-அ-ஒய்' என்றும் பிரித்துச் சொன்னார்கள். ஏலப் பட்டியல்களில் இந்த இரண்டு பெயரும் இன்னும் வரும்.

அந்தக் காலத்து பிரெஞ்சு வெள்ளி இன்று அரிது. பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயி 1689-லும் 1709-லும் போர்ச் செலவுக்காக வெள்ளிப் பாத்திரங்களை உருக்க வைத்தார். பின்னர் புரட்சி மிச்சத்தையும் உருக்கியது. தோமா ஜெர்மெய்ன் போன்ற பெரிய கைவினைஞர்களின் டியூரீன்கள் இப்போது அருங்காட்சியகச் சமாச்சாரம். டியூரீன்களை மட்டுமே வரிசையாகப் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டுமென்றால் அமெரிக்காவில் டெலவேரிலுள்ள வின்டர்தூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கேம்ப்பெல் தொகுப்பு நல்ல இடம். ஆமாம், டப்பா சூப் விற்கும் அதே கேம்ப்பெல்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு உணவாகப் பக்க மேஜையிலிருந்து பரிமாறும் ரஷ்ய முறை பரவியதும் டியூரீன் நடு இடத்தை இழந்தது. ஆனால் அதே சமயத்தில், மின்சாரத்தால் வெள்ளிப் பூச்சு ஏற்றும் மின்முலாம் வந்து, நடுத்தரக் குடும்பங்களும் ஒன்று வாங்க முடிந்தது. சந்தையில் நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டாம் அலையைச் சேர்ந்தவை.

முத்திரைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அளவு.

படத்தைப் பார்த்து வாங்குபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. சூப் டியூரீனுக்கு சாஸ் டியூரீன் என்று ஒரு குட்டித் தம்பி உண்டு. வடிவம், கைப்பிடி, மூடிக் குமிழ் எல்லாம் அச்சு அசல் அதேதான். நீளம் மட்டும் இருபது சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். சூப் டியூரீன் கைப்பிடியோடு சேர்த்து முப்பத்தைந்து, நாற்பது சென்டிமீட்டர் வரும். பக்கத்தில் அளவுக்கு எதுவும் வைக்காமல் எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் நீளத்தை மட்டும் கேட்காதீர்கள். விளிம்பு வரை எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஒருவருக்கு 250 மில்லி என்று வைத்தால் பத்துப் பேருக்கு இரண்டரை லிட்டர். தளும்பாமல் தூக்க வேண்டுமென்றால் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆக, மூன்றரை லிட்டர் பிடிப்பதாக இருந்தால் நிம்மதி.

எடையையும் கூட்டிப் பாருங்கள். இங்கிலாந்தின் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து (1714–1830) முழு வெள்ளி டியூரீன் நூறு டிராய் அவுன்ஸுக்கு மேல், அதாவது மூன்று கிலோவுக்கு மேல் இருப்பது சகஜம். அதில் இரண்டரை லிட்டர் சூப். ஐந்தரை, ஆறு கிலோவை, அதுவும் கொதிக்கிற ஒன்றை, இரண்டு வளையக் கைப்பிடியில் பிடித்துக்கொண்டு யார் மேஜைக்கு வரப்போகிறார்கள்? உலோகங்களில் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. சூப் ஊற்றிய சற்று நேரத்தில் கைப்பிடி வரை சூடு ஏறிவிடும். காலிப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே சூப்பை ஊற்றுவதுதான் என் வழக்கம். நாடகத்தனம் கொஞ்சம் குறையும். மேஜை விரிப்பு தப்பும்.

உயரத்தையும் யோசியுங்கள். பீடம் வைத்த, குமிழ் உயர்ந்த டியூரீன் சில சமயம் முப்பத்தைந்து சென்டிமீட்டர் நிற்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. வாங்கும் முன் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி மேஜை நடுவில் வைத்து, உட்கார்ந்து பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

சரி, மூடி. டியூரீனைக் கையில் எடுத்ததும் நான் முதலில் செய்வது மூடியைத் தூக்கி, பாதி வட்டம் திருப்பி, மறுபடி வைப்பது. கையால் அடித்து உருவாக்கிய நீள்வட்டப் பாத்திரம் முழுக்க முழுக்கச் சீராக இருக்காது. செய்தவர் மூடியை அந்த உடலுக்கென்றே இழைத்திருப்பார். அதனால் ஒரு பக்கம் வைத்தால் 'தொப்'பென்று உட்காரும், மறுபக்கம் வைத்தால் லேசாக இடிக்கும். இது நல்ல அறிகுறி. இரண்டு பக்கமும் ஒரேமாதிரி ஆடினால் கவனம் தேவை. ஒன்று, விளிம்பு நசுங்கியிருக்கிறது. இல்லையென்றால் மூடி வேறொரு டியூரீனிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் ஜோடியாகவும் நான்காகவும் இருந்த டியூரீன்கள் பாகப்பிரிவினையில் பிரிந்தபோது மூடிகள் மாறிப்போவது உண்டு. அதைத் தவிர்க்கத்தான் செய்தவர்களே மூடியின் உள்விளிம்பிலும் உடலின் விளிம்பிலும் ஒரே எண்ணையோ புள்ளிகளையோ சின்னதாகக் குத்திவைத்தார்கள். மூடியில் மூன்று புள்ளி, உடலில் இரண்டு புள்ளி என்றால் இந்த ஜோடி பிறகு சேர்ந்தது.

மூடிக்கும் தனி முத்திரை உண்டு. இங்கிலாந்து வெள்ளியில் கழற்றக்கூடிய பாகங்களிலும் குத்துவது வழக்கம். மூடியில் முழு வரிசையும் இருக்க வேண்டியதில்லை. சிங்கம், ஆண்டெழுத்து (செய்த வருஷத்தைக் குறிக்கும் எழுத்து), செய்தவரின் முத்திரை இருந்தால் போதும். அவை உடலில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். உடல் ஒரு வருஷம், மூடி இருபது வருஷம் பிந்தியது என்றால் மூடி தொலைந்து புதிதாகச் செய்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, விலையில் தெரிய வேண்டிய விஷயம்.

மூடியின் உச்சியில் இருக்கும் குமிழையும் ஆட்டிப் பாருங்கள். மாதுளை, ஆர்டிசோக், பூக்கோஸ் என்று ரோகோகோ (18-ஆம் நூற்றாண்டின் பூவும் வளைவும் நிறைந்த அலங்காரப் பாணி) காலத்தவர்கள் குமிழில் தோட்டமே போட்டிருப்பார்கள். சிலவற்றில் அது உள்ளிருந்து மரைபோட்டு முடுக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் பற்றவைத்திருக்கும். மரை தேய்ந்திருந்தால் சரிசெய்துவிடலாம். பற்று விட்டுப்போய் யாரோ சாம்பல் நிற ஈயத்தைக் குழைத்து ஒட்டியிருந்தால், அதே கை வேறு எங்கெல்லாம் வேலை காட்டியிருக்கிறது என்று தேட ஆரம்பியுங்கள்.

அகப்பைக்கு மூடியில் பள்ளம் இருக்கிறதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வெள்ளி சூப் டியூரீன்களில் பலவற்றுக்குப் பள்ளமே கிடையாது. மூடியை எடுத்து வைத்துவிட்டுத்தான் பரிமாறினார்கள். பள்ளம் இருந்தால் அதன் ஓரத்தை விரலால் தடவுங்கள். மற்ற விளிம்பில் ஓடும் வரைகள் பள்ளத்தைச் சுற்றியும் வளைந்து ஓடினால் அது பிறவியிலேயே உள்ளது. வரைகள் வெடுக்கென்று அறுந்து நின்றால் பிற்காலத்தில் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது கால்கள். நான்கு கால் வைத்த டியூரீனை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே பாருங்கள். கால் சேரும் நான்கு இடங்களுக்கு நேர் மேலே உட்புறத்தில் மேடு தட்டுகிறதா? எப்போதோ பாத்திரத்தை 'டம்'மென்று வைத்திருக்கிறார்கள், கால் உடலுக்குள் ஏறியிருக்கிறது. லேசான மேடு என்றால் வெள்ளி வேலை தெரிந்த ஆசாரி தட்டி எடுத்துவிடுவார். மேட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அங்கேதான் ஒழுகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் டியூரீன் வாங்கியபோது முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், செய்தவர் யார் என்றுகூடக் கண்டுபிடித்தேன், உள்ளே கை விட்டுப் பார்க்கவில்லை. முதல் விருந்தில் சூப் ஊற்றிப் பத்து நிமிஷத்தில் வெள்ளை விரிப்பில் ஒரு கால் அருகே பழுப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. விரிசலை ஈயப் பற்றால் அடைத்து, மேலே பாலிஷ் போட்டு மறைத்திருந்தார்கள். ஆசாரி அதைச் சூடுபடுத்தியதும் ஈயம் கண்ணீர் மாதிரி உருண்டு வந்தது. விரிப்பு போனால் போகிறது. அந்த ஈயத்தின் மேல் சூப் நின்றதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஒருமாதிரி இருக்கிறது. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். வெள்ளியைப் பற்றவைக்க வெள்ளிப் பற்றுதான் முறை. பழைய மலிவு ரிப்பேர்களில் இருக்கும் மென்மையான சாம்பல் நிறப் பற்றில் ஈயம் இருக்கும். உட்புறத்தில், சூப் படும் இடத்தில் அப்படி ஒரு திட்டு இருந்தால் அந்தப் பாத்திரத்தில் நேரடியாக எதையும் ஊற்றாதீர்கள்.

ஊற்றாமலும் பயன்படுத்தலாம், உள்பாத்திரம் இருந்தால். நல்ல டியூரீன்கள் சிலவற்றில் உள்ளே கழற்றி மாட்டும் ஒரு பாத்திரம் உண்டு. சமையலறையில் அதில் சூப்பை ஊற்றி அப்படியே இறக்கிவிடலாம். அகப்பை உரசுவதும் உப்பு அரிப்பதும் அதோடு நின்றுவிடும். உடல் முழு வெள்ளியாக இருந்து, உள்பாத்திரம் மட்டும் முலாமாக இருப்பதும் சகஜம்தான். உள்பாத்திரத்தோடு வரும் டியூரீனுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

இப்போது முத்திரை. உங்கள் முதல் டியூரீனில் சொன்னவற்றை வைத்தே கொஞ்சம் கணக்குப் போடலாம். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் தரத்துக்கான அடையாளம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, 1544-இலிருந்து குத்துகிறார்கள். சிறுத்தைத் தலை லண்டன். 1821-க்குப் பிறகு லண்டன் சிறுத்தை கிரீடத்தைக் கழற்றிவிட்டது. ராஜாவின் தலை வரி கட்டியதற்கான முத்திரை. 1784 முதல் 1890 வரைதான் குத்தினார்கள். ஆக, கிரீடச் சிறுத்தையும் ராஜாவின் தலையும் சேர்ந்து இருந்தால் உங்கள் டியூரீன் 1784-க்கும் 1821-க்கும் இடையில் செய்தது. எந்த வருஷம் என்பதை ஆண்டெழுத்து சொல்லும். எழுத்தின் உருவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே அட்டவணையில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதே எழுத்து இருபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், கிரீடம் தனியாக இருந்தால் ஷெஃபீல்ட். இரண்டு ஊர்களுக்கும் 1773-இல்தான் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் கிடைத்தது.

மற்ற நாட்டுச் சரக்கு வந்தால்: பிரான்சில் 1838 முதல் மினெர்வா தேவியின் தலை, முதல் தரம் 950. ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும், பக்கத்தில் 800 போன்ற எண். ரஷ்யாவில் 84 என்றிருந்தால் 875-க்குச் சமம். 800 வெள்ளி மட்டம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மேஜையில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும், கொஞ்சம் சீக்கிரம் கறுக்கும், அவ்வளவுதான்.

முத்திரை உண்மையாக இருந்தும் பாத்திரம் பொய்யாக இருக்கலாம். உடைந்த சின்னப் பொருளிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டி எடுத்துப் பெரிய பாத்திரத்தில் பதித்துவிடுவது பழைய தில்லுமுல்லு. முத்திரை இருக்கும் இடத்தில் வாயால் ஊதி ஆவி படியவிடுங்கள். பற்றின் கோடு இருந்தால் ஆவி கலையும் அந்த ஒரு நொடியில் சதுரமாகவோ வட்டமாகவோ தெரியும். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது சரி. ஆனால் செம்பிலும், வெள்ளி போலத் தெரியும் ஜெர்மன் சில்வர் என்ற கலப்பு உலோகத்திலும் காந்தம் ஒட்டாது, அதனால் ஒட்டாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது.

எனக்கு மிகப் பிடித்த தடயம் அடியில் ஊசியால் கீறியது போலிருக்கும் எண்கள். செய்து முடித்ததும் எடையைக் கீறிவைப்பது அந்தக் காலத்து வழக்கம். '118=10' என்றிருந்தால் 118 டிராய் அவுன்ஸ், 10 பென்னிவெயிட். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், இருபது பென்னிவெயிட் ஓர் அவுன்ஸ். ஆக, ஏறக்குறைய 3,686 கிராம். இன்று தராசில் 3,640 காட்டினால் இருநூறு வருஷத்துப் பாலிஷ் தின்றது அவ்வளவு என்று விட்டுவிடலாம். 3,300 காட்டினால் ஏதோ காணவில்லை: கீழ்த்தட்டோ உள்பாத்திரமோ சேர்த்து எடை போட்டிருப்பார்கள், அது தொலைந்திருக்கும். எடை கூடியிருந்தால் அதைவிடச் சந்தேகம். பிறகு யாரோ கைப்பிடியோ காலோ சேர்த்திருக்கிறார்கள். மூடிக்கு முந்நூறு கிராம் குறைவதும் உடலுக்கு முந்நூறு கிராம் குறைவதும் ஒன்றில்லை என்பதால் முடிந்தால் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.

எடை குறைய இன்னொரு காரணம் அழித்த குலச்சின்னம். டியூரீனின் வயிற்றுப் பகுதியில் முதல் சொந்தக்காரரின் சின்னம் செதுக்கியிருக்கும். கை மாறும்போது அதைச் சுரண்டி எடுத்து, தங்கள் எழுத்தைப் பொறித்துக்கொள்வார்கள். அந்த இடம் மெலிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஜன்னல் கம்பியின் பிம்பம் அங்கே மட்டும் வளையும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் சில சமயம் உள்ளே போய் வரும். வேறு குடும்பத்தின் சின்னம் என் மேஜையில் எதற்கு என்று அழிக்க நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில்: விட்டுவிடுங்கள். அது இருப்பதுதான் உலோகம் முழுசாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

இனி அந்த 'ஷெஃபீல்ட்'. இந்த ஒரு சொல்லை வைத்து நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. உண்மையான பழைய ஷெஃபீல்ட் பிளேட் என்பது 1740-களில் தாமஸ் போல்சோவர் என்ற கத்தித் தொழிலாளி கண்டுபிடித்த முறை: செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒன்றாக்கி, பிறகு உருட்டித் தகடாக்குவது. பாத்திரம் செய்வதற்கு முன்பே வெள்ளி ஏறிவிடும். 1840-இல் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. மின்முலாமில் பாத்திரத்தை முழுதாகச் செய்துவிட்டுக் கடைசியில் வெள்ளி நீரில் முக்குகிறார்கள். ஷெஃபீல்ட் ஊரில் செய்த மின்முலாமும் 'ஷெஃபீல்ட்' என்ற பெயரிலேயே விற்றது. அதனால் விற்பவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது.

வேறுபாடு கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். பழைய ஷெஃபீல்டில் தேய்ந்த இடத்தில் செம்பு இளஞ்சிவப்பாகத் தலைகாட்டும். வெட்டிய தகட்டின் ஓரத்தில் செம்பு தெரியாமல் மறைக்க விளிம்பை மடித்திருப்பார்கள், அல்லது வெள்ளிக் கம்பியை ஓடவிட்டிருப்பார்கள். விளிம்பின் அடியில் நகத்தை ஓட்டினால் அந்த மடிப்பு தட்டும். எங்கேனும் தகடுகளைச் சேர்த்த கோடும் இருக்கும். மின்முலாம் எல்லாவற்றையும் ஒரே பூச்சில் மூடிவிடுவதால் கோடு, ஓரம் எதுவும் தெரியாது. உங்கள் டியூரீனில் இருக்கும் அந்த நான்கு எழுத்து 'இ.பி.என்.எஸ்.' என்றால் ஜெர்மன் சில்வர் மேல் மின்முலாம். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. ஹால்மார்க் மாதிரி தோன்றட்டும் என்றே அந்த எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்துக்குள் குத்தினார்கள். கடைசி இரண்டு எழுத்து 'பி.எம்.' என்றால் அடியில் இருப்பது பிரிட்டானியா மெட்டல்: வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த மென்மையான உலோகம். தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும், நசுங்கினால் சரிசெய்வது கஷ்டம். கொதிக்கும் சூப்போடு தூக்கி இறக்கும் பாத்திரத்துக்கு அது வேண்டாம். பிரிட்டானியா வெள்ளி என்பது முற்றிலும் வேறு. அது ஸ்டெர்லிங்கைவிட உயர்ந்த 958 தரம், 1697 முதல் 1720 வரை இங்கிலாந்தில் கட்டாயமாக இருந்தது. பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பவே வைத்தார்கள் போலிருக்கிறது. இதே ரகத்தில் இன்னொன்று: அமெரிக்க முலாம் பாத்திரங்களில் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்றிருக்கும். 1847 அந்தப் பிராண்டின் பெயரில் ஒரு பகுதி, பாத்திரம் செய்த வருஷம் இல்லை.

முலாம் என்றால் மட்டம் என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஜெர்மன் சில்வர் ஸ்டெர்லிங்கைவிடக் கெட்டி, சுலபத்தில் நசுங்காது. முலாம் தேய்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை சூப் பரிமாறும் வீட்டுக்கு, உட்புறம் திடமாக இருக்கும் நல்ல மின்முலாம் டியூரீன் கவலையில்லாத பொருள். பழைய ஷெஃபீல்டுக்கு மட்டும் மறுமுலாம் கூடாது. அந்தச் செம்புச் சாயலும் விளிம்பு மடிப்பும்தான் அதன் மதிப்பு, எல்லாம் புதுப் பூச்சுக்கு அடியில் போய்விடும். உட்புறத்தில் செம்பு வெளிப்பட்டிருந்தால் தக்காளி, எலுமிச்சை, வினிகர் சேர்ந்த சூப்பை அதில் ஊற்றக் கூடாது, புளிப்பில் செம்பு கரையும். அதற்கும் உள்பாத்திரமே வழி.

வடிவம் அவரவர் விருப்பம். 1770-க்குப் பிறகு வந்த படகு போன்ற உடலும் உயர்ந்த வளையக் கைப்பிடியும் எனக்குப் பிடிக்கும். அலங்காரம் குறைவு, துடைக்கச் சுலபம். 1800-களின் தொடக்கத்து இங்கிலாந்து ரீஜென்சி பாணி டியூரீன் சிங்கப் பாதமும் கனத்த விளிம்புமாக மேஜையை ஆண்டுவிடும். சின்ன மேஜையில் மூச்சு முட்டும். நவீன வீட்டுக்கு 20-ஆம் நூற்றாண்டு வேலையையும் பாருங்கள். ஜான் புய்ஃபோர்கா வடிவமைத்த பிரெஞ்சு ஆர்ட் டெக்கோ வெள்ளியில் பூவும் கொடியும் கிடையாது, சுத்தமான வடிவியல்தான். அந்த வழியில் வந்த, பெயரில்லாத எளிய முலாம் டியூரீன்கள் நிறையக் கிடைக்கின்றன.

பயன்படுத்துவது பற்றி. சூப்புக்கு முன் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வையுங்கள். குளிர்ந்த வெள்ளி சூப்பின் சூட்டை உறிஞ்சிவிடும். அடுப்பிலோ ஓவனிலோ வைக்கவே கூடாது. கீழே தட்டோ கனத்த துணியோ இல்லாமல் மர மேஜையில் வைத்தால் வட்டம் விழும். விருந்து முடிந்ததும் மிச்ச சூப்பை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். உப்பு இரவு முழுக்க நின்றால் வெள்ளியில் கறுப்புப் புள்ளியாக அரிக்கும், அது பாலிஷுக்குப் போகாது. மென்மையான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, உடனே துடைப்பது, டிஷ்வாஷர் வேண்டாம். கறுப்பது கந்தகத்தால். முட்டை, வெங்காயம், ரப்பர் பேண்ட் எல்லாம் அதைத் துரிதப்படுத்தும், ஆகவே மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் சேர்த்து முக்கும் வித்தை கரண்டிகளுக்குச் சரி. செதுக்கல் நிறைந்த டியூரீனில் அது பள்ளங்களில் இருக்கும் கருமையையும் அள்ளிக்கொண்டு போய்விடும், பூவேலை தட்டையாகத் தெரியும். தண்ணீர் உள்ளீடற்ற கைப்பிடிக்குள் புகுந்தால் வெளியே வருவதும் கஷ்டம். உட்புறம் பொன்முலாம் பூசியிருந்தால் பாலிஷ் தொடவே கூடாது, அது அவ்வளவு மெல்லியது.

அகப்பை பெரும்பாலும் தனியாகத்தான் கிடைக்கும். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளம் வேண்டும், இல்லையென்றால் பாத்திரத்துக்குள் வழுக்கி விழும்.

உங்கள் இரண்டுக்கு வருவோம். முதலாவதின் மூடி ஏன் ஆடுகிறது என்று தெரியாமல் அதை விடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். விளிம்பு நசுங்கியதால் ஆடுகிறது, மூடி முத்திரை உடலோடு பொருந்துகிறது, உள்ளே ஈயத் திட்டு இல்லை என்றால் எடுத்து ஆசாரியிடம் கொடுங்கள், ஒரு நாள் வேலை. மூடி வேறு வருஷம் என்றால் விலையில் பெரிதாகக் குறைத்தால் மட்டும். ஈயம் உள்ளே இருந்தால், உள்பாத்திரம் இல்லாத பட்சத்தில், இரண்டாவதையே எடுப்பேன், அதன் நான்கு எழுத்தில் கடைசி இரண்டு 'என்.எஸ்.' ஆக இருந்தால். இரண்டு விற்பவரிடமும் நான்கு படம் கேளுங்கள்: மூடி கழற்றி மேலிருந்து உட்புறம், கவிழ்த்து அடிப்பக்கம், மூடியின் உள்பக்கம், மூடியைத் திருப்பி வைத்துப் பக்கவாட்டில் ஒன்று. உட்புறப் படத்தை மட்டும் அனுப்பாமல் இழுத்தடித்தால், எதை மறைக்கிறார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.